டிடிஎஸ் கருவிக்குக் கிருமி தெரியாது

அன்புள்ள தம்பிக்கு,

வடிகட்டியைத் திருப்பி அனுப்பிவிடாதே. இந்த வாரத்துக்குள் அனுப்பினால்தான் பணம் திரும்பும் என்று எழுதியிருக்கிறாய். அந்த அவசரத்தில் நீ முந்திக்கொள்வாய் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

புளியஞ்சோலையிலிருந்து கொல்லிமலை ஏறும்போது ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று 0.1 மைக்ரான் வடிகட்டி வாங்கினாய். வீட்டு போர் தண்ணீரைப் பையில் பிடித்துப் பிழிந்து, டிடிஎஸ் கருவியை விட்டுப் பார்த்தாய். வடிகட்டுமுன் 860, வடிகட்டிய பின்னும் 860. "இது போலி போலத் தெரிகிறது ஐயா, ஆர்.ஓ. மாதிரி பையில் வைக்கிற சாமான் ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறாய். ஊருக்கே பிடித்த பித்து உன்னையும் பிடித்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

அந்தக் கருவி பார்ப்பது ஒன்றே ஒன்று: தண்ணீர் வழியே மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது. உப்புகள் கரைந்திருந்தால் ஓடும். அதைக் கணக்கிட்டு ஓர் எண்ணாகக் காட்டும். காலரா, டைபாய்டு என்று எந்தக் கிருமியும் அதன் கணக்கில் வராது. ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டுச் சாக்கடை விழுந்தாலும் எண் அசையாது. இளநீரில் அதே கருவியை விட்டுப் பார், ஆயிரக்கணக்கில் காட்டும். இளநீர் என்ன விஷமா? டிடிஎஸ் பார்த்துத் தண்ணீரின் சுத்தத்தை முடிவு செய்வது, தராசில் ஏற்றிக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

இந்த மயக்கத்தைப் பரப்பியவர்களில் பாதிப்பேர் வீடு வீடாக வந்த ஆர்.ஓ. விற்பனையாளர்கள். உன் வீட்டுக்கும் வந்திருப்பார்கள். ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியை இரண்டின்மேலும் வைத்து சுவிட்சைப் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகக் குழம்பும், மற்றது தெளிவாகவே நிற்கும். "இதைத்தான் குழந்தைக்குக் குடுக்கறீங்க" என்பார்கள். உன் அம்மாவுக்கு அடிவயிறு கலங்கும். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் ஓடவில்லை, இரும்பு கரையவில்லை. அவ்வளவுதான் வித்தை. அடுத்த முறை வந்தால் அவர்களுடைய தம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு, மறுபடி சுவிட்சைப் போடச் சொல். மின்பகுப்புக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இருக்கிற வீட்டிலேயே இந்த வித்தை விலைபோகிறதே என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

போகட்டும். சாமான் பார்க்குமுன் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டும். திருமணிமுத்தாற்றை எடுத்துக்கொள். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேர்கிற ஆறு. மலைச்சரிவில் அதில் அஞ்ச வேண்டியது கிருமிக்கு. ஊரைத் தாண்டும்போது சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் கூடச் சேர்ந்துவிடுகின்றன. கிருமிக்கு உடம்பு உண்டு, அதைத் தடுக்கலாம், கொல்லலாம். கரைந்துபோன சாயத்தையும் உப்பையும் உன் வடிகட்டி தடுக்காது, குளோரின் மாத்திரை கொல்லாது. கரி அடைத்த வடிகட்டி வாடையையும் நிறத்தையும் ஓரளவு பிடிக்கும். அதைக் கண்டு ஏமாறாதே. ஒரே ஆறுதான், மேலே ஒரு கணக்கு, கீழே வேறு கணக்கு.

கீழ்க்கணக்கை இரண்டு வரியில் முடிக்கிறேன். நம் சமவெளி போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பல்லையும் எலும்பையும் அது பிடிப்பதை இந்நாட்டு மருத்துவர்கள் முதலில் எழுதிவைத்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தில். பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுபோனதே இதற்காகத்தான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டி இன்னும் அடர்த்தியாகும். அதனால் அடிவாரம் வரைக்கும் வீட்டிலிருந்தே காவிரிக் குழாய்த் தண்ணீரைச் சுமந்து போ. கையால் அடிக்கும் ஆர்.ஓ. பம்பு உலகத்தில் இல்லாமல் இல்லை, கடலில் மாட்டிக்கொள்ளும் உயிர்காப்புப் படகுகளுக்கென்று செய்கிறார்கள். விலையைக் கேட்டால் உனக்கு மலையேறும் ஆசையே போய்விடும்.

இனி மேலே. புளியஞ்சோலையில் நீ காலை நனைக்கும் அய்யாறு, மலைமேல் அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடி, ஆகாய கங்கையாக விழுந்து வருகிற தண்ணீர். அருவியைப் பார்த்ததும் இதைவிடச் சுத்தமான தண்ணீர் உண்டா என்று தோன்றும். அதற்கு மேலே ஊர்கள் இருக்கின்றன கண்ணு, வயல், தோட்டம், மாடு, கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு வருகிற கூட்டமும் அங்கேதான் குளிக்கிறது. பாறையில் மோதி நுரைத்து விழுந்தால் கிருமி செத்துவிடும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

உன் வடிகட்டிக்குள் கட்டுக் கட்டாக மெல்லிய இழைகள் இருக்கின்றன. ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றுக் குழல், சுவரெல்லாம் நுண்துளை. பாக்டீரியா பெரும்பாலும் அரை மைக்ரானுக்கு மேல், அமீபாவின் கூடும் ஜியார்டியாவின் கூடும் அதைவிடப் பல மடங்கு பெரியவை. இவை 0.1 மைக்ரான் துளையில் நுழையா. ஆனால் மஞ்சள்காமாலை வைரஸ் ஏறத்தாழ 0.03 மைக்ரான். ஒரு துளையில் மூன்று பேர் கைகோத்துக்கொண்டு போகலாம்.

வைரஸ் என்று ஒன்று இருப்பதே வடிகட்டி தோற்றதால்தான் தெரியவந்தது. பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் சேம்பர்லாண்ட் 1884இல் பீங்கான் வடிகட்டி செய்தார். நம் வீட்டு எவர்சில்வர் ஃபில்டருக்குள் இருந்த கேண்டிலுக்கு அதுவே மூதாதை. பாக்டீரியா எதுவும் அதைத் தாண்டவில்லை. 1892இல் ருஷ்யாவில் இவனோவ்ஸ்கி நோய்பட்ட புகையிலைச் சாற்றை அதில் வடித்தார். வடிந்த சாறும் நோயைத் தந்தது. 1898இல் ஹாலந்தில் பெய்ஜெரிங்கும் அதையே கண்டு, இது பாக்டீரியா இல்லை, வேறு என்றார்.

இதைப் புகையிலைக் கதையென்று தள்ளிவிடாதே. 1955 டெல்லிக்கு வா. நான் யாரிடம் தண்ணீரைப் பற்றிப் பேசினாலும் அங்கேதான் போய் நிற்பேன், பொறுத்துக்கொள். அந்த ஆண்டு யமுனையில் வெள்ளம் வந்து வடிந்தபோது ஆறு தடம் மாறியது. நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை, வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு எதிரேறி வந்துவிட்டது. அதிகாரிகள் தூங்கவில்லை. படிகாரத்தைக் கூட்டினார்கள், குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு கூடவில்லை, வயிற்றுக்கடுப்பு கூடவில்லை. தப்பித்தோம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு மாதம் போல் கழிந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலுமாகக் காமாலை கண்டவர்கள் 29,000 பேருக்கு மேல்! பாக்டீரியாவை அடக்கிய குளோரின், கலங்கலான அந்தத் தண்ணீரில் வைரஸை அடக்கப் போதவில்லை. கர்ப்பிணிகள் பலர் இறந்தார்கள்.

அதை ஹெபடைடிஸ் ஏ என்றே வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை 1980இல் சோதித்தபோது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. 1983இல் பலாயன் என்ற சோவியத் ஆய்வாளர், ஆப்கானிஸ்தானில் இருந்த படைவீரர்களின் மலச்சாற்றைத் தானே குடித்து, காமாலை வந்து படுத்து, தன் மலத்திலேயே அந்த வைரஸைக் கண்டார். இன்று அதற்கு ஹெபடைடிஸ் இ என்று பெயர். இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தை நீ செய்தால் காதைத் திருகுவேன். ஆனால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஆகவே கொல்லிமலைத் தண்ணீருக்கு வடிகட்டியும் வேண்டும், குளோரின் மாத்திரையும் வேண்டும். வரிசை முக்கியம். முதலில் வடிகட்டு, பிறகு மாத்திரை. அழுக்கும் இலைச்சாறும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. மாத்திரை மட்டும் போதும் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்: கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் கூட்டைக் குளோரின் தொடாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நாலு லட்சம் பேரைக் குழாய்த் தண்ணீர் வழியாகவே படுக்கப்போட்டது அது. வடிகட்டியில் அது மாட்டிக்கொள்ளும். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும்.

மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்று அட்டையைப் படித்து வாங்கு. சுகாதாரத் துறையினர் வெள்ள நேரத்தில் கொடுப்பது பெரும்பாலும் குடத்துக்கு உரியது, அதை ஒரு லிட்டர் பாட்டிலில் போடாதே. போட்டபின் அரைமணி நேரம் பொறு. உன் கூட்டாளிகள் வாடைக்காக எலுமிச்சம்பழத்தை முதலிலேயே பிழிந்துவிடுவார்கள், பார்த்துக்கொள். அதிலுள்ள வைட்டமின் சி குளோரினை முறித்துவிடும். அரைமணி கழித்துப் பிழிந்தால் வாடையும் போகும், வேலையும் நடந்திருக்கும்.

கொதிக்க வைத்தால் இத்தனை தொல்லை இல்லையே என்பாய். உண்மை, அதை மிஞ்ச ஒன்றுமில்லை. மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், கிருமி சாகாது, அரைமணி கொதிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். கொல்லிமலை உயரத்தில் ஏறத்தாழ 96 டிகிரியில் கொதிக்கும். 70 டிகிரியைத் தாண்டினாலே நோய்க்கிருமிகள் மளமளவென்று சாகத் தொடங்கும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் எதை வைத்துக் கொதிக்க வைப்பாய்? காப்புக் காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் செத்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வனத்துறை அனுமதியோடு போ, அடுப்பைப் பற்றிப் பேசாதே. புற ஊதா விளக்குப் பேனா ஒன்றும் விற்கிறார்கள். தெளிந்த தண்ணீரில் நன்றாக வேலை செய்யும், கலங்கல் தண்ணீரில் ஒளி நுழையாது, பேட்டரி போனால் வெறும் குச்சி.

மழைக்குப் பிறகு போனால் ஓடை செம்மண்ணாக வரும். அதை அப்படியே பிழிந்தால் வடிகட்டி அரைநாளில் அடைத்துக்கொள்ளும். பாத்திரத்தில் தெளியவிட்டு, பழைய பருத்தி வேட்டியை நாலைந்து மடிப்பாக்கி வடித்துக்கொள். புதுத்துணி வேண்டாம், துவைத்துத் துவைத்து நூல் பிசிறிய துணியில்தான் கண் நெருக்கம். வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையை மடித்து வடிக்கச் சொல்லி, காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை ரீட்டா கால்வெல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2003இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி ஒட்டிக்கொள்கிற குட்டி நீர்ப்பூச்சிகள் துணியில் நின்றுவிடுகின்றன. நரம்புச்சிலந்தி நோயை விரட்டியதிலும் துணிக்குப் பங்குண்டு. அந்த வேலைக்குத் துணி வடிகட்டி செய்துகொடுத்த நிறுவனம்தான் பின்னால் உறிஞ்சுகுழல் வடிகட்டியைக் கொண்டுவந்தது. உன் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்காது.

தேற்றாங்கொட்டை கிடைத்தால் பாத்திரத்தின் உட்புறம் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்று, மண் திரண்டு அடியில் தங்கும். கலித்தொகையில் இது உவமையாகவே வருகிறது என்றால் எவ்வளவு பழைய கைப்பழக்கம் பார். ஆனால் தெளிவது வேறு, கிருமி சாவது வேறு. 'முன்னோர் முட்டாள்களா?' என்று வாட்சப்பில் வருகிற கொட்டைப் புராணத்தை எனக்கு அனுப்பாதே.

உங்களில் யாருக்காவது வயிறு கெட்டால், வடிகட்டியைவிடப் பாட்டில் வாயைச் சந்தேகப்படு. ஓடையில் முக்கி எடுத்த பையின் திருகுமரையில் ஒரு சொட்டு தங்கியிருக்கும். வடிகட்டியைக் கழற்றும்போது அது வழிந்து சுத்தமான பாட்டிலுக்குள் விழும். ஓடைக்கென்று ஒரு பை, குடிக்க வேறு பாட்டில், நிறம் வேறாக இருக்கட்டும். ஓடைப் பையைத் தொட்ட கையால் வடிகட்டியின் வாயைத் தொடாதே. கடைசியில் போடும் மாத்திரை இந்தச் சொட்டுக்கும் சேர்த்துத்தான்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் வடிகட்டியை உறைபனியில் விடாதே என்று பத்தி பத்தியாக இருக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு எதிரி உப்புத் தண்ணீர். திரும்பி வந்ததும் வீட்டு போர் தண்ணீரைக்கொண்டு பின்னோக்கிக் கழுவினால், காய்கிறபோது இழைகளில் சுண்ணாம்பு பிடித்து, அடுத்த முறை சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஆர்.ஓ. தண்ணீரால் கழுவு, அதற்காவது அந்த மெஷின் உதவட்டும். ஏற்கனவே பிடித்திருந்தால் வெள்ளை வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவு. வெயிலில் வைக்காதே, பைக் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடாதே. மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியைப் புறப்படுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்