குறிச்சொல்லின் நாடித்துடிப்பு

மருத்துவர் உங்கள் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். நீங்கள் பிறந்தது முதல் உங்கள் இதயம் எத்தனை முறை துடித்திருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு என்றுதான் கணக்கிடுகிறார். மொத்த எண்ணிக்கை வேறு, வீதம் வேறு. இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு, சமூக ஊடகங்களில் ஒரு ஹேஷ்டேக் எவ்வளவு புழங்குகிறது என்பதை அளக்கும் முறையைப் பார்ப்போம்.

குறிச்சொல் என்பது யாது?

ஒரு சொல்லுக்கு முன்னால் # என்னும் குறியை இட்டால் அது ஹேஷ்டேக், அதாவது குறிச்சொல் ஆகிறது. ட்விட்டரில் (2023-இல் எக்ஸ் எனப் பெயர் மாறியது) செய்திகளை இவ்வாறு தொகுக்கலாம் என்று 2007 ஆகஸ்டு 23 அன்று கிறிஸ் மெசினா என்பவர் யோசனை கூறினார். நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்டிய சீட்டைப் போன்றது இது. சீட்டு ஒன்றாயிருக்கும் புத்தகங்களைக் கணினி நொடியில் பொறுக்கி எடுத்து எண்ணிவிடும்.

வீதமும் பின்னணியும்

‘அ’ என்ற குறிச்சொல் தினமும் நிமிடத்திற்கு 100 முறை வருகிறது என்று கொள்வோம். ‘ஆ’ என்பது நிமிடத்திற்கு 5 முறைதான் வரும். ஒரு நாள் காலை 9 மணிக்கு ‘ஆ’ திடீரென்று நிமிடத்திற்கு 50 ஆகிறது. ‘அ’ வழக்கம்போல 100-லேயே நிற்கிறது. எது கவனிக்கத்தக்கது? எண்ணிக்கையில் ‘அ’ பெரியது. ஆனால் ஏதோ நிகழ்ந்திருக்கிறது என்று சொல்வது ‘ஆ’ தான்.

கதிரியக்கத்தை அளக்கும் கைகர் எண்ணியை நினைத்துக்கொள்ளுங்கள். அருகில் எந்தக் கதிரியக்கப் பொருளும் இல்லாதபோதும் அது அவ்வப்போது ‘டிக், டிக்’ என்னும். அதுவே பின்னணி வீதம். பின்னணியை முதலில் அளந்துகொள்ளாமல் எந்தப் பொருளையும் சோதிக்க முடியாது. குறிச்சொல்லுக்கும் இதே விதிதான்.

பின்னணி 5 என்றால் ஒவ்வொரு நிமிடமும் சரியாக 5 வராது. ஒரு நிமிடம் 3 வரும், மறு நிமிடம் 7 வரும். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளில் இந்த ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூல அளவில் இருக்கும். 5-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.2. ஆகவே 7 வந்தால் வியப்பில்லை, 50 வந்தால் வியப்பு.

நிலநடுக்கத்தைக் காட்டிய சொல்

நிலநடுக்கமானிகளில் நெடுங்காலமாக ஒரு தந்திரம் பயன்பட்டு வருகிறது. கடைசிச் சில நொடிகளின் அதிர்வுச் சராசரியை, அதற்கு முந்திய நீண்ட நேரச் சராசரியால் வகுப்பார்கள். இந்த விகிதம் ஒரு வரம்பைத் தாண்டினால் கருவி விழித்துக்கொள்ளும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதே கணக்கைத் தரை அதிர்வுக்குப் பதிலாக ட்விட்டர் செய்திகளின் மீது போட்டுப் பார்த்தார்கள். நிலநடுக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எத்தனை செய்திகளில் வருகிறது என்று எண்ணினார்கள். அச்சொல்லுக்கு # குறிகூடத் தேவைப்படவில்லை.

2011-இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, ஐந்து மாதச் செய்திகளில் உலகெங்கும் நிகழ்ந்த 48 நிலநடுக்கங்கள் இம்முறையில் பிடிபட்டன. பொய் எச்சரிக்கை இரண்டுதான். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, நடுக்கம் தோன்றி இரண்டு நிமிடங்களுக்குள் தெரிந்துவிட்டன.

இந்த வேகம் எப்படி வந்தது? நிலநடுக்கத்தின் முதல் அலை பாறையில் நொடிக்கு 6 முதல் 8 கி.மீ. வரைதான் செல்லும். கருவி 1000 கி.மீ. தொலைவில் இருந்தால் அலை அதை அடையவே இரண்டு நிமிடம் கடந்துவிடும். கண்ணாடி இழையில் ஒளியோ நொடிக்கு 2 லட்சம் கி.மீ. செல்கிறது. ஆகவே கருவிகள் குறைவான நாடுகளில், பயந்து வெளியே ஓடிவந்து கைப்பேசியில் ஒரு வரி எழுதும் மனிதரே முதல் கருவி ஆகிறார்.

ஆனால் அதே ஐந்து மாதங்களில் அந்நிறுவனத்தின் பட்டியலில் பதிவான நிலநடுக்கங்கள் 5,175. மனிதர் உணராத சிறு அதிர்வுகளும் ஆளில்லாக் கடலடி நடுக்கங்களும் எந்தச் செய்தியிலும் வரா. நடுக்கத்தின் வலிமையையும் மையத்தையும்கூடச் செய்திகளை மட்டும் எண்ணித் துல்லியமாகச் சொல்ல இயலாது. இந்த எண்ணிக்கை பேசுபவர்களை மட்டுமே காட்டும். கைப்பேசி இல்லாதவரும் மின்சாரம் அறுந்துபோன ஊரும் கணக்கில் வருவதில்லை. உதவி அதிகம் தேவைப்படும் இடமே மௌனமாக இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

எங்கே ஏமாறுவோம்?

ரேடியம் அணுக்கள் ஒன்றையொன்று பார்த்துச் சிதைவதில்லை. மனிதர்களோ ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். ஆகையால் வர்க்கமூல விதி இங்கே சற்றுத் தளர்ந்துவிடும், ஏற்ற இறக்கம் அதைவிடப் பெரிதாயிருக்கும். மேலும், ‘இன்று மிகுதியாகப் பேசப்படுபவை’ என்று ஒரு பட்டியல் வெளியானதும் அதைப் பார்த்தே இன்னும் பலர் அச்சொல்லை எழுதுகிறார்கள். கைகர் எண்ணி ஒலிப்பதால் ரேடியம் வேகமாகச் சிதைவதில்லை. இங்கே அளவீடே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது.

இன்னொரு பொறியும் உண்டு. ஒருவரே நூறு செய்தி எழுதலாம், தானியங்கி நிரல் ஆயிரம் எழுதலாம். எனவே ‘எத்தனை செய்திகள்?’ என்பதோடு ‘எத்தனை பேர்?’ என்றும் கேட்க வேண்டும். ஒரு செய்தி பரவலாகப் பேசப்படுகிறது என்பதால் அது உண்மையாகிவிடாது. அதை நம்பிப் பிறருக்கு அனுப்புமுன் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

ஒரு குறிச்சொல் பத்து நிமிடங்களில் வந்த முறைகள்: 4, 6, 5, 3, 7, 5, 6, 4, 5, 5. அடுத்த மூன்று நிமிடங்களில்: 8, 6, 31. விகிதம் 4-ஐத் தாண்டினால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும்.

1. கடைசி மூன்று நிமிடச் சராசரியை எடுத்தால் மணி அடிக்குமா?
2. கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்தால்?
3. அந்த 31 செய்திகளில் 26 ஒரே கணக்கிலிருந்து வந்தவை. மற்ற ஐந்தும் ஐந்து பேர் எழுதியவை. முன்பு வந்த செய்திகள் யாவும் ஆளுக்கொன்று என்று கொண்டு, ஆட்களை எண்ணினால்?

விடைகள்: பின்னணிச் சராசரி 50 ÷ 10 = 5.
1. சராசரி 45 ÷ 3 = 15; விகிதம் 3. மணி அடிக்காது.
2. விகிதம் 31 ÷ 5 = 6.2. மணி அடிக்கும். கால அளவைக் குறுக்கினால் விரைவாக விழிப்போம். ஆனால் எளிதில் ஏமாறவும் கூடும்.
3. ஆட்கள் 6 பேர்தான், விகிதம் 1.2. மணி அடிக்கத் தேவையே இல்லை.