வெறும் தட்டு சொல்லும் பாடம்

மாணவர்களே! ஒரே ஒரு பாக்டீரியா வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அகார் தட்டில் விழுந்து பெருகினால், அதன் சந்ததி ஒரு புள்ளியாகத் தெரியும். இதுவே காலனி. மூடியைத் திறக்காமல் அதன் விட்டம், விளிம்பு, மேடு, நிறம், பளபளப்பு ஆகியவற்றைக் குறியுங்கள். ஈ. கோலையின் காலனி வட்டமாய், வழவழப்பாய் இருக்கும். காசநோய்க் கிருமியின் காலனியோ வெளிர் மஞ்சளாய், சொரசொரப்பாய் இருக்கும். தோன்றவே 3 முதல் 8 வாரமாகும்.

நல்ல சூழலில் ஈ. கோலை 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். 8 மணி நேரத்தில் 24 முறை இரட்டித்தால் ஒன்று எத்தனையாகும்? சுமார் 1 கோடியே 67 லட்சம்!

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இயங்குகிறது. 1873இல் ஹான்சன் கண்ட தொழுநோய்க் கிருமி எந்தச் செயற்கை ஊடகத்திலும் வளர்வதில்லை. 1960இல் ஷெப்பர்டு அதைச் சுண்டெலியின் பாதத்தில் பெருகச் செய்தார். அங்கும் ஒருமுறை இரட்டிக்க ஏறக்குறைய இரண்டு வாரம். 24 முறைக்குப் பதினொரு மாதம்!

தட்டு வெறுமையாக இருந்தாலும், நோயாளியின் தோல் திசுவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அக்கிருமிகள் சிவந்த கோல்களாகத் தெரியக்கூடும். ஆகவே, 'கிருமி இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். 'இந்த ஊடகத்தில், இந்த வெப்பநிலையில், இத்தனை நாளில் காலனி தோன்றவில்லை' என்று எழுதுங்கள். கண்டதை மட்டும் எழுதுவதே அறிவியல்.