புலனத்தில் புலனடக்கம்

எங்கள் உறுமி மேளப் புலனக் குழுவில் ஒரே இரவில் 346 செய்திகள். காணொளி, ஸ்டிக்கர், எந்த அடி சரின்னு வாக்குவாதம். அதுக்கு நடுவுல ஒரு தம்பி, "வீட்ல பிரச்சினை, யாராவது கூப்பிடுங்க அண்ணா"ன்னு எழுதியிருக்கான். மறுநாள் மதியம்தான் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைச் சொல்கிறது. அதில் ஐந்தாவது பிரத்தியாகாரம்: வெளியே ஓடும் புலன்களை உள்முகமாகத் திருப்புதல். (வாட்ஸ்அப்புக்குப் புலனம் என்று பெயர் வைத்தவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு!) புலனைத் திருப்பு என்றால் குழுவை விட்டே ஓடு என்று அர்த்தமில்லை. பயிற்சி நேரம், கோயில் அழைப்பு எல்லாம் நிர்வாகிகள் மட்டும் எழுதும் தனிக்குழுவுக்குப் போயின. அரட்டைக் குழுவை மௌனமாக்கி, இரவில் ஒரு தடவை மட்டும் திறக்கிறேன். அவசரம்னா நேரா அழைக்கணும். முதல் வாரம் கை தானா கைப்பேசியைத் தேடிச்சு.

போன வெள்ளிக்கிழமை தம்பி அழைத்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டேன்.