தள்ளுபடி வி.பி.என். வாங்கலாமா?

80 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு வி.பி.என். விளம்பரம் பார்த்தேன். அப்பாவிடம் கார்டு கேட்டேன். "முதல்ல அது என்ன பண்ணுதுன்னு சொல்லு" என்றார். தேடிப் படித்தேன்.

நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை இன்டர்நெட் கம்பெனியிடமிருந்து வி.பி.என். மறைக்கும். ஆனால் அந்த விவரம் வி.பி.என். நடத்துபவர் கைக்குப் போய்விடும்! ஓனாவோ நிறுவனத்தை 2013-ல் ஃபேஸ்புக் வாங்கியது. அதன் இலவச வி.பி.என். சேகரித்த விவரங்களைத் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது. இதைச் சரியாகச் சொல்லாததற்கு 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

ஆகவே விலையை அப்புறம் பாருங்க. நடத்துவது யார்? வெளியார் தணிக்கை நடந்ததா? தள்ளுபடி முடிந்ததும் கட்டணம் எவ்வளவு? நான் பார்த்த விளம்பரத்தில் மூன்றுக்கும் பதில் இல்லை. கார்டு அப்பாவிடமே இருக்கு!