வாய்க்காலா, வடிகாலா? தேக்காவிலிருந்து பியர்ஸ் வரை மிதிவண்டியில் ஒரு பாடம்

நம்மில் பலருக்குத் தேக்கா என்றால் சந்தை, பூக்கடை, புடவைக்கடை, தீபாவளி ஒளியூட்டு. அதன் ஓரமாக, புக்கிட் தீமா சாலையை ஒட்டி ஒரு கால்வாய் ஓடுகிறது. பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட நாம் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கால்வாயின் கரையைப் பிடித்துக்கொண்டே மிதிவண்டியில் போனால் எங்கே போய்ச் சேரலாம், வழியில் ஒரு தமிழ் மாணவர் என்னென்ன கற்கலாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர்க்கரைப் பாதை மிதிவண்டிக்கு மிகவும் ஏற்றது. காரணம் எளிது. தண்ணீர் மெல்லிய சரிவில்தான் நிதானமாக ஓடும். ஆகவே அதன் கரையில் செங்குத்தான மேடு இருக்காது. ஐரோப்பாவில் கால்வாய்ப் படகுகளை ஒரு காலத்தில் கரையில் நடந்த குதிரைகளே இழுத்தன. அந்தக் குதிரைப் பாதைகள் பல இன்று மிதிவண்டிப் பாதைகள். பிரான்சில் 1681இல் திறக்கப்பட்ட, 240 கிலோமீட்டர் நீளமுள்ள மிடி கால்வாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிங்கப்பூரில் குதிரைகள் படகு இழுக்கவில்லை. ஆயினும் கால்வாய்களைப் பராமரிக்க ஒதுக்கிய கரையோர நிலம் இங்கே கைகொடுத்தது. 1990களில் தொடங்கிய பூங்கா இணைப்புப் பாதைகள் பெரும்பாலும் அந்த நிலத்தில்தான் அமைந்தன. இன்று அவற்றின் மொத்த நீளம் 300 கிலோமீட்டருக்கும் மேல்.

தண்ணீர் வைத்த பெயர்கள்

பயணத்தைத் தேக்காவில் தொடங்குவோம். 'தேக்கா' என்றதும் நமக்குத் தேக்கு மரம் நினைவுக்கு வரும். ஆனால் அது ஹொக்கியன் சொல். சிறு மூங்கில்களின் அடிவாரம் என்பது அதன் பொருள். ரோச்சோர் நீரோரத்தில் வளர்ந்திருந்த மூங்கில்களே இப்பெயருக்குக் காரணம்.

அதே நீரையும் புல்லையும் நம்பித்தான் 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் இங்கே வேரூன்றியது. மலாய்க்காரர்கள் இவ்விடத்தைக் 'கண்டாங் கெர்பாவ்' என்றனர். எருமைத் தொழுவம் என்று பொருள். கால்வாய்க்கு அருகில் நிற்கும் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையின் 'கேகே' என்ற முன்னெழுத்துகளில் அந்த எருமைகள் இன்னமும் இருக்கின்றன. செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்ததால் நம்மவர் இவ்வட்டாரத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தார்கள். சுண்ணாம்பு நம் சொல். கம்பம், மலாயின் 'கம்போங்'. இரு மொழிகள் சேர்ந்து பெற்ற பிள்ளை அந்தப் பெயர்.

சற்றுத் தெற்கே டோபி காட். வண்ணார்கள் ஓடையில் துணி வெளுத்த துறை என்பதே அதன் பொருள். அந்த ஓடை பிறகு ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆனது. இன்று அங்கே இறங்கி ரயில் மாறுபவர்கள் காலடியில் தண்ணீரைக் காண்பதில்லை. பெயர் மட்டும் நனைந்தபடி இருக்கிறது.

தேக்காவிலிருந்து கால்வாயோடு கிழக்கே திரும்பினால் சுங்கை சாலை. 'சுங்கை' என்றால் ஆறு. அங்கிருந்த பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்பட்டது. கால்வாயின் இப்பகுதியில் ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர் தூரம் அகலப்படுத்தப்பட்டு, உட்காரவும் நடக்கவும் வசதிகளோடு 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. மேலும் சற்று மிதித்தால் கரைகள் விலகி, காலாங் படுகை அகன்று விரிகிறது.

ஆற்றுக்கு எதிராக

இதுவரை தண்ணீர் போகும் திசையில் வந்தோம். இனி காலாங் ஆற்றை எதிர்த்து மேலே போகவேண்டும். சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள இதுவே சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. படகில் வாழ்ந்த 'ஓராங் காலாங்' மக்களின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

சிறிது தூரத்தில் 'கோலாம் ஆயர்' வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசியப் பள்ளிக்குப் போன என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பலகையைப் பார்த்தால் ஒரு தனி மகிழ்ச்சி. மலாய்ப் பாடத்தில் 'கோலாம்' என்றால் நீர்நிலை என்று மனப்பாடம் செய்தோம். அது நம் 'குளம்' என்ற சொல்லிலிருந்து மலாய்க்குப் போனது. முதலாம் வகுப்பில் கற்ற சொல், வேற்று உடை அணிந்து இடைநிலைப்பள்ளி வாசலில் நின்றது போல! அரசாங்கம் 2006இல் நீர்நிலைகளை அழகுபடுத்தும் திட்டத்தை அறிவித்தபின், முதலில் மாற்றம் கண்ட கரைகளுள் 2008இல் நிறைவடைந்த கோலாம் ஆயர் கரையும் ஒன்று.

அடுத்து, மணல் வெட்டியதால் பெயர் பெற்ற போத்தோங் பாசிர். அதன் பிறகு தோ பாயோ. 'பெரிய சதுப்பு' என்று பொருள். ஆற்றோரம் எத்தனை பெயர்கள் ஈரமாகவே இருக்கின்றன, பாருங்கள்!

பயணத்தின் உச்சம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. முன்பு இங்கே ஆறு என்று ஒன்று இருக்கவில்லை, 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடாக ஒரு கான்கிரீட் கால்வாய் இருந்தது. அதை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து செல்லும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கான்கிரீட்டுக்குப் பதில் செடிகளின் வேர்களும் கற்களும் கரையைப் பிடித்து நிற்கின்றன. அதிக மழை பெய்தால் ஆறு இருபுறப் புல்வெளியிலும் பரவிக்கொள்ளும். வடிந்ததும் புல்வெளி மீண்டும் மக்களுக்கு. 2014இல் நீர்நாய்க் குடும்பம் ஒன்று இங்கே குடியேறி நாடெங்கும் புகழ்பெற்றது நினைவிருக்கலாம்.

பூங்காவுக்கு அப்பால் கீழ்ப் பியர்ஸ் நீர்த்தேக்கம். இது 1912இல் 'காலாங் ஆற்று நீர்த்தேக்கம்' என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1922இல் நகராண்மைப் பொறியாளர் பியர்ஸின் பெயரைப் பெற்றது. ஆறு புறப்படும் இடம் இதுவே. நம் பயணம் முடியும் இடமும் இதுதான்.

வாய்க்காலும் வடிகாலும்

ஒரு ஞாயிறு மாலை ரோச்சோர் கரையில் மிதிவண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊழியர் ஒருவர் கேட்டார்: "தம்பி, இது வாய்க்காலா, வடிகாலா?"

"கால்வாய் அண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். "கால்வாய்தான், தெரியுது. தண்ணி வருதா, வெளியே போவுதா?"

அவருக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். காவிரியின் கடைமடை. அங்கே வாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும். வடிகால் மிஞ்சிய தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும். ஒன்று தூர்ந்தால் பயிர் காயும். மற்றது தூர்ந்தால் பயிர் அழுகும். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க ஓர் உழவரால் முடியாது.

கேள்வி என்னை விடவில்லை. ரோச்சோர், காலாங் கால்வாய்கள் வெள்ளத்தை விரைவாகக் கடலுக்குத் தள்ளவே கட்டப்பட்டவை, அதாவது வடிகால்கள். 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் துப்புரவு செய்தார்கள். பிறகு 2008இல் மரினா அணைக்கட்டு கடலை மறித்தது. 2010இல் அணைக்குப் பின்னால் இருந்த நீர் நன்னீரானது. மரினா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்பு 10,000 ஹெக்டர். நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. தேக்காவும் அதற்குள் அடக்கம். இன்று நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் பெய்யும் மழை 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது.

ஆகவே, வடிகாலாகப் பிறந்தது வாய்க்காலாகிவிட்டது. பஃபலோ சாலையில் நாம் சாக்கடை என்று எண்ணிக் கொட்டும் தேநீர்க் குவளையும் எண்ணெயும், நாம் குடிக்கும் தண்ணீர் சேரும் இடத்துக்கே போகின்றன. 'கால்வாய்' என்ற பொதுச்சொல் இந்த உண்மையை மறைத்துவிட்டது. அந்த அண்ணனின் ஒரே கேள்வி அதை வெளியே இழுத்துப் போட்டது. மதகு, கலிங்கு, ஏந்தல், கண்மாய், தாங்கல் போன்ற சொற்கள் நம் பாடநூல்களில் அரிது. அவற்றைப் பேச்சில் வைத்திருப்பவர்கள் ஞாயிறுதோறும் தேக்காவில் நம் அருகில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார்: "நானும் சைக்கிள்தான் தம்பி. விடுதியிலேர்ந்து சைட்டுக்கு. சும்மா சுத்துறதுக்கு ஓட்டினதில்லை." உல்லாசப் பயணம் என்று நாம் பேசும்போது, அதே வண்டி சிலருக்குப் பிழைப்பு என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். பாதையில் அவர் நம்மைக் கடந்து போனால், வழிவிட வேண்டியவர்கள் நாமே. நேரம் நம்மிடம்தான் இருக்கிறது.

புறப்படுமுன்

ஒரு வழி ஏறத்தாழ 13 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். காலை ஏழு மணிக்குள் கிளம்புவது நல்லது. வெயிலுக்கும் மாலை மழைக்கும் தப்பலாம்.

பகிர்வுப் பாதைகளில் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதைகளில் 10. பலகைகள் நடப்பவர்களுக்கு மட்டும் என்று சொல்லும் இடங்களில் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். இருட்டினால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் வேண்டும். வழியில் பெருஞ்சாலைகள் பாதையைக் குறுக்கிடும். கட்டுமானப் பணி நடக்கும் இடங்களில் மாற்றுவழியைப் பின்பற்றுங்கள்.

மழை வலுத்தால் கரையை விட்டு உடனே விலகுங்கள். நீர்மட்டம் சில நிமிடங்களில் உயரும். பீஷான் பூங்காவில் எச்சரிக்கை ஒலி கேட்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்கக்கூடாது. பியர்ஸில் மரப்பலகைப் பாதைக்குள் மிதிவண்டி கூடாது. வெளியே பூட்டிவிட்டு நடங்கள். திரும்பி மிதிக்க முடியாதவர்கள் மடக்கு மிதிவண்டி கொண்டுவந்தால் ரயிலில் ஏற்றிக்கொள்ளலாம்.

இறுதியாக நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சுற்றுலா செல்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். அடுத்த ஆண்டு ஒரு ஞாயிறு இந்தப் பாதையில் செல்வோம். டெல்டாவிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்து இங்கே உழைப்பவர்கள் சிலரை உடன் அழைப்போம். வழியில் தென்படும் ஒவ்வொரு நீர்நிலைக்கும் அவர்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். அந்தப் பட்டியலை அடுத்த இதழில் வெளியிடலாம். மிதிவண்டி இல்லாதவர்களுக்கு வாடகை வண்டி கிடைக்கும். வர விரும்புபவர்கள் செயற்குழுவிடம் பெயர் கொடுங்கள்.