கெர்னலுக்குள் யாரை நம்பலாம்?

லினக்ஸ் டிரைவர் எழுதப் பழகும் இளையவர்களின் பேட்ச்களை ரிவியூ செய்வது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒரே வகைக் கோடு. ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் ‘பாயின்டர் வெற்றா? திரும்பிவிடு’, ‘நீளம் பூச்சியமா? திரும்பிவிடு’ என்று இரண்டு மூன்று வரிகள் நிற்கும். அதை அழைக்கும் ஃபங்ஷன் இதே சோதனையை ஏற்கெனவே செய்திருக்கும். அதற்கு மேலே இருப்பதும் செய்திருக்கும். “எதுக்குப்பா மூணாவது தடவை?” என்று கேட்டால் பதில் உடனே வரும்: “கூட ஒரு செக் இருந்தா என்ன குறைஞ்சிடும் அண்ணா? பாதுகாப்புதானே?”

நியாயமான கேள்வி. என் பதில் இது: சோதனைக்கென்று உரிய இடம் உண்டு. நம்பத் தகாத மதிப்பு உள்ளே நுழையும் எல்லைதான் அந்த இடம். அங்கே தயவு தாட்சண்யம் இல்லாமல் சோதிக்க வேண்டும். அதைத் தாண்டி வந்த பிறகு ஃபங்ஷன்களுக்கு இடையே தெளிவான ஒப்பந்தம் வேண்டும். வாசலில் கால் கழுவி வந்தவரை ஒவ்வோர் அறைக்கு முன்னும் மறுபடி கழுவச் சொல்கிறோம் என்றால், வாசலில் தண்ணீர் வைத்தோமா என்பதே நமக்கு நிச்சயமில்லை என்று பொருள். இதை எப்படி நடைமுறையில் செய்வது என்று வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

1. எல்லைக் கோட்டை முதலில் வரையுங்கள்

கெர்னலின் எல்லை என்றதும் எல்லோருக்கும் சிஸ்டம் கால் நினைவுக்கு வரும். சாதாரண நிரல் தரும் முகவரியைக் கெர்னல் அப்படியே தொடக் கூடாது. ‘ஆக்சஸ்_ஓகே’ என்ற சோதனை அந்த முகவரி பயனர் பகுதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். ‘காப்பி_ஃப்ரம்_யூசர்’ அதையும் செய்து தரவையும் பத்திரமாக உள்ளே எடுத்து வரும். இது பலருக்கும் தெரியும்.

பலர் மறப்பது மற்ற எல்லைகளை. வயரில் வரும் பாக்கெட், மவுன்ட் செய்யப்படும் பென் டிரைவில் உள்ள ஃபைல் சிஸ்டம், சாதனத்தின் ஃபர்ம்வேர் தரும் பதில் எல்லாமே வெளியாட்கள்தான். யுஎஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாதனத்தைச் செருகியதும் ‘நான் இன்னார், என்னிடம் இத்தனை எண்ட்பாயின்ட் இருக்கிறது’ என்று அதுவே ஒரு விவரப் பட்டியலைத் தருகிறது. பழைய டிரைவர்கள் பலவற்றில் முதல் எண்ட்பாயின்ட் எப்படியும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையைப் பார்க்காமலே அதை எடுத்துப் பயன்படுத்தும் கோடு இருந்தது. ‘என்னிடம் எண்ட்பாயின்ட்டே இல்லை’ என்று சொல்லும் போலிச் சாதனத்தைச் செருகினால் போதும், கெர்னல் விழுந்துவிடும். சிஸ்காலர் போன்ற ஃபஸ்ஸிங் கருவிகள் போலி யுஎஸ்பி சாதனங்களை உருவாக்கிச் செருகிப் பார்த்தபோது இத்தகைய பிழைகள் வரிசையாக வெளியே வந்தன. இப்போது ‘யுஎஸ்பி_ஃபைண்ட்_காமன்_எண்ட்பாயின்ட்ஸ்’ என்ற உதவி ஃபங்ஷன் இருக்கிறது. வேண்டிய எண்ட்பாயின்ட்களைத் தேடித் தரும். இல்லையென்றால் பிழை என்று சொல்லிவிடும். சாதனம் முதலில் அறிமுகமாகும் ‘ப்ரோப்’ ஃபங்ஷனில் இதை ஒருமுறை அழைத்துவிட்டால், டிரைவரின் மற்ற எந்த மூலையிலும் அந்தக் கவலை வேண்டாம்.

ஆகவே புது டிரைவர் எழுதும் எவருக்கும் நான் சொல்லும் முதல் வேலை: ஒரு தாளில் உங்கள் கோடுக்குள் வரும் மதிப்புகளை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது யார் கையிலிருந்து வருகிறது என்று குறியுங்கள். சோதிக்க வேண்டிய இடங்கள் தாமாகத் தெரியும்.

2. எல்லையில் முழுமையாகச் சோதியுங்கள்

இங்கே மூன்று பழக்கங்கள் அவசியம்.

ஒன்று, தரவை ஒரே முறை நகலெடுத்து அந்த நகலையே சோதியுங்கள். முதலில் நீளத்தை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டு, பிறகு முழுக் கட்டமைப்பையும் பயனர் நினைவகத்திலிருந்து இரண்டாம் முறை எடுத்தால், இடையில் இன்னொரு த்ரெட் அந்த நீளத்தை மாற்றியிருக்கலாம். நீங்கள் சோதித்தது ஒன்று, பயன்படுத்துவது வேறொன்று என்றாகிவிடும்.

இரண்டு, தெரியாத கொடிகளை ஏற்காதீர்கள். ‘ஓப்பன்’ சிஸ்டம் கால் தனக்குத் தெரியாத பிட்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால் 2013இல் ‘ஓ_டிஎம்பிஃபைல்’ கொடியைச் சேர்த்தபோது, பழைய கெர்னல் அதைப் புரிந்துகொள்ளாமல் வேறெதையாவது செய்துவிடாதபடி, டைரக்டரிக்கான பிட்டையும் அதோடு பிணைத்துப் பழைய கெர்னலில் பிழை வரும்படி செய்ய வேண்டியிருந்தது. 2020இல் 5.6 பதிப்பில் வந்த ‘ஓப்பன்அட்2’ தெரியாத கொடி எதைக் கண்டாலும் தவறான உள்ளீடு என்று திருப்பி அனுப்புகிறது. முதல் நாளே கண்டிப்பாக இருந்தால் பிற்பாடு வழி விடுவது எளிது. முதலில் விட்டுக்கொடுத்ததைப் பின்னால் பறிக்க முடியாது. யாரோ ஒருவரின் நிரல் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று, பெருக்கலைக் கையால் எழுதாதீர்கள். எண்ணிக்கையை அளவால் பெருக்கி நினைவகம் கேட்கும்போது விடை வரம்பைத் தாண்டிச் சுற்றிக்கொண்டால், கேட்டதைவிடச் சிறிய இடம்தான் கிடைக்கும். 2018இல் 4.18 பதிப்பில் வந்த ‘ஸ்ட்ரக்ட்_சைஸ்’ இந்தக் கணக்கைப் போட்டு, வரம்பு மீறினால் மிகப் பெரிய எண்ணைத் தருகிறது. நினைவக ஒதுக்கீடு அங்கேயே தோற்றுவிடும்.

3. உள்ளே மௌனச் சோதனை வேண்டாம்

நான் முன்பு வேலை பார்த்த ஒரு குழுவில் ஆடியோ டிரைவர் ஒன்று இருந்தது. டிஎம்ஏ பஃபரில் ஒலியை நிரப்பும் ஓர் உள் ஃபங்ஷன் எப்போதாவது வெற்றுப் பாயின்டரைத் தொட்டு விழுந்துகொண்டிருந்தது. அதன் தலையில் ‘பஃபர் வெற்றென்றால் பூச்சியத்தைத் திருப்பு’ என்று ஒருவர் ஒரு வரி சேர்த்தார். விழுவது நின்றது, டிக்கெட்டையும் மூடினார்கள்.

பல மாதங்கள் கழித்து வேறு வகைப் புகார்கள் வந்தன. உறக்க நிலையிலிருந்து எழுந்ததும் சில சமயம் ஒலியே வருவதில்லை. சில சமயம் இரைச்சல். பதிவில் ஒரு வரி பிழைச் செய்தி இல்லை. அந்தச் சோதனையை எடுத்துவிட்டு, நினைவகத் தவறுகளைக் காட்டும் கசான் கருவியோடு ஓடவிட்டோம். உடனே அழைப்புச் சங்கிலி முழுதாகக் கிடைத்தது. உறங்கப் போகும் பாதையில் டைமரை நிறுத்தாமலே பஃபரை விடுவித்திருந்தார்கள். டைமர் தாமதமாக வந்தால் பாயின்டர் வெற்றாக இருக்கும். சோதனை அதைப் பிடித்து மௌனமாகத் திரும்பிவிடும். சற்று முன்னால் வந்தால் பாயின்டர் இன்னும் வெற்றாக்கப்பட்டிருக்காது, ஆனால் நினைவகம் விடுவிக்கப்பட்டிருக்கும். சோதனையைத் தாண்டிப் போய் யாருடைய நினைவகத்திலோ எழுதும். பஃபரை விடுவிக்கும் முன் டைமர் ஓடி முடியும்வரை காத்திருந்து நிறுத்தும் ஒரே அழைப்பைச் சேர்த்தோம். இரண்டு புகாரும் தீர்ந்தன.

‘கூட ஒரு செக்’ எதைக் குறைத்துவிடும் என்ற கேள்விக்கு இதுதான் பதில். உண்மையான தவறு அழைத்தவரிடம் இருந்தது. மௌனச் சோதனை அதை மறைத்து வைத்தது. வெற்றுப் பாயின்டரில் கெர்னல் விழுந்தால் இடம், நேரம், அழைத்தவர் யார் என்று எல்லாம் பதிவில் தெரியும். அந்தத் தகவலை இழப்பது பெரிய இழப்பு.

இடம் தவறிய சோதனை சோதனையே ஆகாமல் போவதும் உண்டு. 2009இல் ‘டன்’ டிரைவரில் பாயின்டர் வழியே ஒரு மதிப்பைப் படித்துவிட்டு, அடுத்த சில வரிகளில்தான் அது வெற்றா என்று பார்த்தார்கள். ‘ஏற்கெனவே தொட்டாயிற்று, ஆகவே வெற்றாக இருக்க முடியாது’ என்று முடிவுகட்டிய கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. அந்த ஓட்டையைப் பயன்படுத்தி முழு அதிகாரம் பெற முடிந்தது. அத்தகைய நீக்கத்தைத் தடுக்கும் விருப்பத்தோடுதான் அதன் பிறகு கெர்னல் கம்பைல் செய்யப்படுகிறது.

4. எண் வகை மாறும் இடமும் எல்லையே

உள் இடைமுகங்களைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுத் தந்தது 2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘செக்கோயா’ பிழை. 2014இல் வந்த 3.16 முதல் கெர்னலில் இருந்தது அது.

‘ப்ராக்’ கோப்புகளைப் படிக்கும்போது கெர்னல் முதலில் சிறிய பஃபரை ஒதுக்கும். போதவில்லை என்றால் அளவை இரட்டிப்பாக்கும். இந்த அளவு குறியில்லாத 64 பிட் எண். ஆனால் அதே அளவு, டைரக்டரிப் பாதையை எழுதித் தரும் இன்னோர் உள் ஃபங்ஷனுக்குப் போகும்போது குறியுள்ள 32 பிட் எண்ணாக வாங்கப்பட்டது. பாதையின் நீளம் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும் அளவுக்கு டைரக்டரிக்குள் டைரக்டரியாக உருவாக்கி, மவுன்ட் செய்து, நீக்கிவிட்டு, மவுன்ட் பட்டியலைப் படித்தால் பஃபர் 2 ஜிகாபைட் ஆகும். 2147483648 என்ற அந்த எண் 32 பிட்டுக்குள் நுழைந்ததும் கழித்தல் 2147483648 ஆகிவிடும்.

உள்ளே சோதனை இல்லாமல் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எழுதப்போகும் சொல்லின் நீளத்தைக் கழித்துவிட்டு, மீதி பூச்சியத்துக்குக் கீழே போனால் நிறுத்து என்று ஒரு வரி இருந்தது. ஆனால் அந்த எதிர்ம எண்ணிலிருந்து 10ஐக் கழித்தபோது அது சுற்றிக்கொண்டு 2147483638 என்ற நேர்ம எண்ணாயிற்று. சோதனை ‘இடம் தாராளமாக இருக்கிறது’ என்றது. நீக்கப்பட்டதைக் குறிக்கும் 10 பைட் சொல், பஃபருக்கு 2 ஜிகாபைட் முன்னால் எங்கோ எழுதப்பட்டது. சாதாரணப் பயனர் ரூட் ஆவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

திருத்தம் மிகச் சிறியது. பஃபரை ஒதுக்கும் இடத்திலேயே, படிக்கவும் எழுதவும் கெர்னல் அனுமதிக்கும் உச்ச அளவைத் தாண்டினால் மறுத்துவிடு என்ற ஒரே சோதனை. அந்த உச்சம் 32 பிட் குறியுள்ள எண்ணுக்குள் அடங்கும். அதற்குப் பின் வரும் எல்லாப் பாதைகளும் அந்த ஒரு வரியால் காப்பாற்றப்பட்டன. ரிவியூவில் ஒரு நீளம் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறும் வரியை இப்போது நான் சிஸ்டம் காலுக்குச் சமமாக மதிக்கிறேன். கூடுமானவரை வகையை மாற்றாமலே கொண்டுபோகச் சொல்கிறேன். முடியாவிட்டால் மாறும் இடத்தில் வரம்பு கேட்கிறேன்.

5. மறக்க முடியாதபடி இடைமுகத்தை அமையுங்கள்

‘இதை அழைக்கும் முன் அதைச் சோதிக்கவும்’ என்று குறிப்பு எழுதினால் போதாது. 2017இல் 4.13 பதிப்பில் ‘வெய்ட்ஐடி’ சிஸ்டம் காலை வேகப்படுத்த, பயனர் நினைவகத்தில் நேரடியாக எழுதும் ‘அன்சேஃப்_புட்_யூசர்’ முறைக்கு மாற்றினார்கள். அந்த முறையில் முகவரியைச் சோதிப்பது அழைப்பவர் பொறுப்பு. ‘ஆக்சஸ்_ஓகே’ விடுபட்டுப் போயிற்று. கெர்னலின் சொந்த முகவரியைக் கொடுத்து அங்கே எழுதவைக்க முடிந்தது. அக்டோபரில் அதைத் திருத்தினார்கள்.

2019 ஜனவரியில் லினஸ் டோர்வால்ட்ஸ் செய்த மாற்றம்தான் எனக்குப் பாடம். பயனர் நினைவகத்தைத் திறக்கும் ‘யூசர்_ஆக்சஸ்_பிகின்’ அழைப்புக்கு முகவரியையும் அளவையும் கொடுத்தே ஆக வேண்டும், சோதனையை அதுவே செய்துகொள்ளும் என்று 5.0இல் மாற்றினார். இப்போது சோதனையைத் தவிர்த்துவிட்டுக் கதவைத் திறக்க வழியில்லை. எழுதுபவரின் நினைவாற்றலை நம்பும் இடைமுகத்தைவிட, தவறாக அழைத்தால் கம்பைலே ஆகாத இடைமுகம் எத்தனையோ மடங்கு மேல். பயனர் பாயின்டரைத் தனியாகக் குறித்து ஸ்பார்ஸ் கருவியால் பிடிப்பதும், திருப்பிய பிழையைக் கவனிக்காவிட்டால் எச்சரிக்க வைப்பதும் இதே வழிதான்.

6. ஒப்பந்தம் மீறப்பட்டால் உரக்கச் சொல்லுங்கள்

உள்ளே சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல டிரைவர்கள் அழைக்கும் பொது ஃபங்ஷனில், நடக்கவே கூடாத ஒன்று நடந்தால் ‘வார்ன்_ஆன்_ஒன்ஸ்’ போட்டு, பிழையைத் திருப்பி, முடிந்தவரை இயந்திரத்தை ஓடவிடுங்கள். முழு இயந்திரத்தையும் நிறுத்தும் ‘பக்_ஆன்’ புதுக் கோடில் வேண்டாம். அதே வேளை பயனர் கொடுக்கும் மதிப்பால் அந்த எச்சரிக்கை எழக் கூடாது. எச்சரிக்கை வந்தாலே நின்றுவிடும்படி அமைக்கப்பட்ட சர்வர்கள் இருக்கின்றன. பயனரின் தவறுக்குப் பிழை எண், நிரலாளரின் தவறுக்கு எச்சரிக்கை. இந்தப் பிரிவைக் கலக்காதீர்கள்.

இப்போது ரிவியூவில் ஒரு சோதனையைப் பார்த்தால் நான் கேட்பது மூன்று கேள்விகள். இந்த மதிப்பு யாரிடமிருந்து வருகிறது? இந்தச் சோதனை தோற்றால் யாருக்குத் தெரியும்? இதற்கு முன்பே இது உறுதிப்பட்டிருக்க வேண்டுமென்றால், அங்கே ஏன் உறுதிப்படவில்லை? மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால் அந்த வரி இருக்கட்டும். முடியாவிட்டால் வரியை நீக்குவதற்கு முன் மேலே போய் எல்லையைத் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சோதனை விடுபட்டிருக்கும். அதை அங்கே எழுதிவிட்டால் கீழே உள்ள ஃபங்ஷன்கள் தங்கள் வேலையை மட்டும் பார்க்கலாம்.