பியூஸை டைரக்ட் பண்ணாதே

அன்புள்ள தம்பிக்கு,

ஐ.டி.ஐ. முடித்த கையோடு கோட்டுச்சேரிப் பக்கம் தனியாக ஃப்ரிட்ஜ் வேலை எடுக்கத் தொடங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். மனசு நிறைந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் உன்னிடம் வரப்போகும் புகாரை இப்போதே சொல்கிறேன்: "மேலே ஐஸ் கட்டுது, கீழே கூலிங்கே இல்லை."

கேட்டவுடன் "கேஸ் போயிடுச்சு" என்று சொல்லிவிடாதே. அந்த ஒரு வார்த்தையால் நம் ஜனங்கள் வீணாகக் கொடுத்த பணம் கொஞ்சமல்ல. ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றிப் பார். காயில் முழுக்க ஒரே சீராகப் பனி அப்பியிருந்தால் கேஸ் இருக்கிறது. பனியை உருக்கும் பகுதிதான் செத்திருக்கிறது. காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் பனி பிடித்திருந்தால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்தப் பனியை ஸ்க்ரூ டிரைவரால் குத்தாதே, காயில் ஓட்டையாகிவிடும். இப்போது வரும் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்600ஏ, பற்றி எரியக்கூடிய வாயு. பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வை, தானாக உருகட்டும். கீழ்த்தட்டில் இன்சுலின் இருக்கிறதா என்று முதலில் கேள். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்.

பிறகு மீட்டரை எடு. பனியை உருக்கும் ஹீட்டர் 150 வாட் என்றால் ஏறத்தாழ 350 ஓம் காட்டும். தெர்மல் பியூஸில் கண்டினியுட்டி இல்லையென்றால் அது போய்விட்டது, மீளாது. ஆனால் பனி உருகி முடிந்ததும் ஹீட்டரை நிறுத்தும் பைமெட்டல் அப்படியல்ல. சாதாரண வெப்பத்தில் அது திறந்துதான் இருக்கும். அதைப் பார்த்து நல்ல பைமெட்டலைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. வெறும் ஐஸ் தண்ணீரில் பல பைமெட்டல்களில் இணைப்புச் சேராது. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போட்களுக்கு உடைக்கும் ஐஸில் ஒரு பிடி வாங்கி, கல்லுப்பைக் கலந்து, அதற்குள் வைத்துப் பார். பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே போகும். அப்போதும் சேரவில்லையென்றால் மாற்று. வெளியே எடுத்துச் சூடேறிய பிறகும் திறக்கவில்லையென்றால் குற்றவாளி அதுதான். காயில் உருகி முடிந்தும் ஹீட்டரை நிறுத்தாமல் விட்டிருக்கிறது. சூடு எழுபது டிகிரியைத் தாண்டியதும் பியூஸ் தன்னைக் கொடுத்துப் பெட்டியைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆகவே, தம்பி, பியூஸின் இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றி "டைரக்ட்" கொடுக்காதே. கடையில் பியூஸ் இல்லை, வாடிக்கையாளர் அவசரப்படுகிறார், நாளைக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றெல்லாம் தோன்றும். அந்த நாளை வருவதேயில்லை. ஹீட்டரைச் சுற்றியிருப்பது பிளாஸ்டிக்கும் ஃபோமும். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்திலும் ஹீட்டர் ஓடும். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 72 பேர் மாண்ட தீ ஒரு ஃப்ரிட்ஜில்தான் தொடங்கியது. பரவியதற்கு வெளிச்சுவரில் பொருத்திய பலகைகள் காரணம். ஆனாலும் முதல் நெருப்புக்குக் காரணம் ஒரு மின்கோளாறு.

பழைய பியூஸில் அச்சிட்டிருக்கும் அதே டிகிரி, அதே ஆம்பியரில் புதியதை வாங்கு. பற்றவைக்காதே, சால்டரிங் அயர்னின் சூட்டிலேயே புது பியூஸ் போய்விடும், கிரிம்ப் செய். கடலோரக் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி வீடுகளில் உப்புக்காற்று செம்புக் கம்பியைப் பச்சையாக்கியிருக்கும். அந்த நுனியை வெட்டி எறிந்து, பளபளக்கும் கம்பியில் மட்டும் இணைப்புப் போட்டு, தண்ணீர் புகாதபடி ஸ்லீவ் ஏற்று. பியூஸ் பழைய இடத்திலேயே காயிலோடு ஒட்டி உட்கார வேண்டும். வடிகால் துளையில் வெந்நீர் ஊற்றி அடைப்பையும் எடுத்துவிடு.

மாட்டியதும் கிளம்பிவிடாதே. உருகிய காயிலில் பைமெட்டல் திறந்திருப்பதால் அப்போது ஹீட்டரைச் சோதிக்க முடியாது. பெட்டியை ஓடவிட்டு, காயில் நன்றாக உறைந்த பிறகு பனி உருக்கும் டைமரைக் கையால் திருப்பு. கிளாம்ப் மீட்டரில் 0.65 ஆம்பியர் அளவில் ஏறி, பனி உருகியதும் தானாக இறங்க வேண்டும். அந்த இறக்கத்தைக் கண்ணால் பார்க்கும்வரை அங்கேயே இரு. காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்தே கூலி கேள்; காரணத்தைச் சொன்னால் கொடுப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்